அஸ்மாவின் இல்லத்துக்குச் சென்ற உணவு

மரணம் நிகழ்ந்த வீட்டுக்குச் சென்று உற்றாரைக் கண்டு வருவதைத் தமிழில் துக்கம் விசாரித்தல் என்கிறோம். முஸ்லிம்களிடையே அதற்குத் ‘தஃஸியத்’ என்னும் அரபுச் சொல்லும் வழங்குகிறது. இரண்டும் ஒரே செயலைக் குறிப்பினும் பொருளில் வேறுபாடு உண்டு. ‘அஸா’ என்றால் அரபியில் பொறுமை, மனவுறுதி என்று பொருள். தளர்ந்து நிற்பவரிடத்தில் அவ்வுறுதியை உண்டாக்குவதே தஃஸியத். விசாரித்தவர் தம் கடமை முடிந்ததென்று திரும்பிவிடலாம். உறுதியளிக்க வந்தவரின் கடமையோ, இழப்புக்கு ஆளானவர் மீண்டும் நிலைகொள்ளும் வரையில் முடிவதில்லை.

இக்கடமையை மதீனாவின் முதல் முஸ்லிம் சமூகம் எவ்வாறு நிறைவேற்றியது என்பது ஆராயத்தக்க ஒரு வரலாற்றுக் கேள்வி. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) நிகழ்ந்த உஹதுப் போரில் மட்டும் ஏறத்தாழ 70 முஸ்லிம்கள் உயிர்நீத்தனர். சிறியதோர் ஊரில் ஒரே நாளில் அத்தனை வீடுகள் தலைவனை இழந்தன. கணவனை இழந்த பெண்ணுக்கு ஆறுதல் சொல்வது அங்கே எப்போதோ நேரும் சடங்காக இருக்கவில்லை; அன்றாட சமூகப் பொறுப்பாகவே இருந்தது. அப்பொறுப்பு எத்தகையது என்பதை ஒரு வீட்டின் கதை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. அது ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களின் வீடு.

முன்பிருந்த வழக்கம்

இஸ்லாத்திற்கு முந்தைய அரபகத்தில் கைம்பெண் எவ்வாறு நடத்தப்பட்டாள் என்பதை அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகளார் ஸைனப் (ரலி) விவரித்துள்ளார். கணவன் இறந்ததும் அவள் மிகச் சிறிய குடிலொன்றில் புகுவாள். தன்னிடமுள்ள ஆடைகளில் இழிவானதை அணிவாள். ஓராண்டுக் காலம் நறுமணத்தைத் தீண்டமாட்டாள். ஆண்டு முடிவில் வெளியே வந்து, கையில் தரப்படும் விலங்குச் சாணத்தை வீசியெறிந்த பின்னரே அவளது துக்கம் முடிந்ததாகக் கொள்ளப்படும். இறந்தவனின் சொத்தோடு சேர்த்து அவனுடைய மனைவியையும் வாரிசுகள் தமதாக்கிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அதனைத் தடை செய்தது. இரண்டாம் அத்தியாயம் ஓராண்டுத் தனிமையின் இடத்தில் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவை வைத்தது.

சட்டம் மாறிவிட்டது. ஆயினும் சட்டம் தானே ஒரு வீட்டின் அடுப்பை மூட்டுவதில்லை. அதைச் செய்ய மனிதர்கள் வேண்டும்.

இரண்டு ஹிஜ்ரத்துகளின் பெண்மணி

அஸ்மா (ரலி) இஸ்லாத்தை ஆரம்பக் காலத்திலேயே ஏற்றவர்களுள் ஒருவர். மக்காவின் கொடுமை பொறுக்காது கணவருடன் கடல் கடந்து அபிசீனியா சென்றார். அவருடைய மக்கள் அப்துல்லாஹ், முஹம்மத், அவ்ன் ஆகியோர் அந்நாட்டிலேயே பிறந்தனர். பல்லாண்டுகள் அயல்மண்ணில் கழித்த அக்குடும்பம் ஹிஜ்ரி 7இல் (கி.பி. 628), கைபர் வெற்றியின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தது.

அவர் எத்தகைய உள்ளம் படைத்தவர் என்பதை ஸஹீஹுல் புகாரியில் காணப்படும் ஒரு நிகழ்ச்சி உணர்த்தும். மதீனாவுக்கு முதலில் ஹிஜ்ரத் செய்தவர்கள் தாங்களே என்று உமர் (ரலி) கூறியபோது அஸ்மா சினமுற்றார். நீங்கள் இறைத்தூதரின் அருகிலிருந்தீர்கள். உங்களில் பசித்தவருக்கு அவர் உணவளித்தார். நாங்களோ தொலைவான அந்நிய பூமியில் அஞ்சி வாழ்ந்தோம் என்று வாதிட்டு, விஷயத்தை நாயகத்திடமே கொண்டு சென்றார். கப்பலில் வந்தவர்களுக்கு இரண்டு ஹிஜ்ரத்துகளின் சிறப்பு உண்டு என்று தீர்ப்புக் கிடைத்தது. அச்செய்தியை அவர் வாயால் கேட்பதற்காக அபிசீனியாத் தோழர்கள் கூட்டங்கூட்டமாக அவரிடம் வந்தனர்.

பிறருடைய இழப்பைத் தாங்கிய அனுபவமும் அவருக்கிருந்தது. அவருடைய சகோதரி ஸல்மா (ரலி), உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மனைவி. ஹிஜ்ரி 7இன் இறுதியில் நாயகம் அவர்கள் உம்ரா முடித்துத் திரும்பியபோது, மக்காவிலிருந்த ஹம்ஸாவின் மகள் அவர்களைப் பின்தொடர்ந்து ஓடிவந்தாள். அச்சிறுமியை வளர்க்கும் உரிமை தமக்கே என்று அலீ, ஜஅஃபர், ஸைத் மூவரும் வழக்காடினர். சிறுமியின் சிற்றன்னை தம் மனைவி என்பது ஜஅஃபரின் வாதம். தாயின் சகோதரி தாய்க்கு நிகரானவள் என்று கூறி, நாயகம் அவர்கள் சிறுமியை அஸ்மாவின் வீட்டுக்கு அளித்தார்கள். தோற்றத்திலும் குணத்திலும் தம்மை ஒத்தவர் என்று ஜஅஃபரைப் பாராட்டியதும் அப்போதுதான். அப்பாராட்டை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

அநாதைச் சிறுமிக்கு அடைக்கலமான அவ்வீடு, சில மாதங்களில் தானே தலைவனை இழந்தது.

மூத்தாவிலிருந்து வந்த செய்தி

ஹிஜ்ரி 8, ஜமாதுல் அவ்வல் மாதத்தில் (கி.பி. 629) சிரியா எல்லையை நோக்கி 3,000 பேர் கொண்ட படை புறப்பட்டது. இன்றைய ஜோர்தானில், கரக் நகருக்கு அருகேயுள்ள மூத்தாவில் அது பெரும்படையை எதிர்கொண்டது. ஸைத் பின் ஹாரிஸா, ஜஅஃபர், அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) ஆகிய தளபதியர் மூவரும் அடுத்தடுத்து வீழ்ந்தனர்.

அன்றைய நிகழ்ச்சியை அஸ்மாவே கூறியதாக இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு பதிவு செய்துள்ளது. அவர் தோல்களைப் பதனிட்டு முடித்து, மாவு பிசைந்து வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவியிருந்தார். நாயகம் அவர்கள் வந்து ஜஅஃபரின் பிள்ளைகளை அழைத்துவரச் சொன்னார்கள். பிள்ளைகளை அணைத்து முகர்ந்தபோது அவர்களுடைய கண்கள் கலங்கின. அக்கண்ணீரைக் கண்ட அஸ்மா, ஜஅஃபரைப் பற்றி ஏதேனும் செய்தி வந்ததா என்று வினவினார். ஆம், இன்று அவர்கள் வீழ்ந்துவிட்டனர் என்று பதில் வந்தது. அவர் எழுந்து அலறினார். பெண்கள் அவரைச் சூழ்ந்தனர்.

செய்தியைச் சொல்ல வேறொருவரை அனுப்பவில்லை. சமூகத்தின் தலைவரே நேரில் வந்தார். வந்தவர் தேறுதல் உரை எதுவும் ஆற்றவில்லை. பிள்ளைகளைத் தேடினார், அழுதார், கேட்டதற்கு மறைக்காமல் உண்மை சொன்னார். ஜஅஃபர் அவருக்குப் பெரிய தந்தையின் மகன். துக்கம் சொல்ல வந்தவரே துக்கத்துக்கு உரியவராகவும் இருந்தார்.

அந்நாளின் மற்றொரு காட்சியை அன்னை ஆயிஷா (ரலி) கதவின் இடுக்கு வழியே கண்டு கூறியுள்ளார். நாயகம் அவர்கள் முகத்தில் சோகம் தெரிய அமர்ந்திருந்தார்கள். ஒருவர் வந்து ஜஅஃபர் வீட்டுப் பெண்கள் அழுவதாகக் கூறினார். தடுக்கும்படி சொல்லப்பட்டது, அவர் போய்த் திரும்பி, பெண்கள் கேட்கவில்லை என்றார். மீண்டும் போனார், மீண்டும் வந்து அதையே சொன்னார். சொன்னதைச் செய்யவும் இயலாமல், நாயகத்தை நிம்மதியாக இருக்கவும் விடாமல் அலைந்த அம்மனிதர்மீது ஆயிஷாவுக்கு எரிச்சலே உண்டாயிற்று. ஒவ்வொரு துக்க வீட்டிலும் இத்தகைய ஒருவரை நாம் இன்றும் காணலாம்.

உணவும் கஞ்சியும்

அஸ்மாவின் வீட்டிலிருந்து வெளியேறிய நாயகம் அவர்கள் தம் குடும்பத்தாரிடம், ஜஅஃபரின் குடும்பத்துக்கு உணவு சமைக்கும்படியும், அவர்கள் வேறெதிலும் மனம் செல்லாத நிலையில் இருப்பதாகவும் கூறினார்கள். ஜஅஃபரின் மகன் அப்துல்லாஹ் அறிவித்த இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. காலையில் அஸ்மா பிசைந்து வைத்த மாவு அப்படியே இருந்திருக்கும். அதைச் சுடும் கையோ மனமோ அன்று அவ்வீட்டில் இல்லை.

இன்ன உணவு என்பதிலும் கருத்துச் செலுத்தப்பட்டது. அன்னை ஆயிஷாவின் உறவினரில் எவரேனும் இறந்தால், கூடிய பெண்கள் கலைந்து குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சியபின், ‘தல்பீனா’ காய்ச்சச் சொல்வார். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு அதன்மீது அதனை ஊற்றிக் கொடுப்பார். தல்பீனா என்பது வாற்கோதுமை மாவில் செய்யும் கஞ்சி. அது நோயுற்ற உள்ளத்துக்கு இதமளித்துக் கவலையைச் சிறிது போக்கும் என்பது அவர் நாயகத்திடம் கேட்ட செய்தி. அழுது வறண்ட தொண்டையில் கஞ்சியே இறங்கும் என்பதைச் சமைத்துப் பழகிய எவரும் அறிவர். கூட்டம் கலைந்தபின் அது காய்ச்சப்பட்டது என்பதையும் நோக்குக. அது வந்தவர்களுக்கான விருந்தன்று.

இந்த ஒழுங்கு தலைகீழாவதைத் தோழர்கள் வெறுத்தனர். அடக்கத்துக்குப் பின் இறந்தவரின் வீட்டில் கூடுவதையும் அங்கு உணவு தயாரிக்கப்படுவதையும் தாங்கள் ஒப்பாரியின் ஒரு பகுதியாகவே கருதியதாக ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) கூறியுள்ளார். ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) மறைந்த இமாம் ஷாஃபிஈ தமது ‘அல்உம்மு’ நூலில் இதைச் சட்டமாகவே வகுத்தார். இறப்பு நிகழ்ந்த பகலுக்கும் இரவுக்கும் போதுமான உணவை அண்டை வீட்டாரும் உறவினரும் தயாரித்தளிப்பது விரும்பத்தக்கது என்பதற்கு ஜஅஃபர் வீட்டு நிகழ்ச்சியையே சான்றாகக் காட்டினார். அழுகை இல்லாவிடினும் துக்கக் கூட்டங்களைத் தாம் வெறுப்பதாகவும் கூறி, இரண்டு காரணங்கள் சொன்னார்: அவை துயரத்தைப் புதுப்பிக்கின்றன, வீட்டாருக்குச் செலவை ஏற்றுகின்றன.

மூன்று நாட்களுக்குப் பின்

ஜஅஃபரின் குடும்பத்துக்கு நாயகம் அவர்கள் மூன்று நாள் அவகாசம் அளித்தார்கள். அந்நாட்களில் வந்து தொந்தரவு செய்யவில்லை. பின்னர் வந்து, இன்றோடு என் சகோதரருக்காக அழுவதை நிறுத்துங்கள் என்றார்கள். பிள்ளைகளை அழைத்தார்கள். குஞ்சுகளைப் போல நாங்கள் கொண்டுவரப்பட்டோம் என்று அப்துல்லாஹ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நாவிதர் அழைக்கப்பட்டார், பிள்ளைகளின் தலைமுடி மழிக்கப்பட்டது. தாய் துக்கத்தில் ஆழ்ந்திருக்கையில் பிள்ளைகளின் தலையை யார் கவனிப்பது? அதனை ஒருவர் கவனித்தார்.

பின்னர் ஒவ்வொரு பிள்ளையையும் நோக்கி ஒரு சொல் பிறந்தது. முஹம்மத், தம் பெரிய தந்தை அபூதாலிபின் சாயல். அப்துல்லாஹ், தோற்றத்திலும் குணத்திலும் தம்மைப் போன்றவன். தந்தைக்கு அளித்த அதே பாராட்டு மகனுக்கும் கிடைத்தது. அதன்பின் அப்துல்லாஹ்வின் கையைப் பிடித்து, அவனது வணிகத்தில் அபிவிருத்தி உண்டாக வேண்டினார்கள். அநாதைச் சிறுவனுக்கு அன்று கேட்கப்பட்டது இரக்கமன்று, தொழில். அச்சிறுவனே வளர்ந்து அரபகம் புகழும் கொடையாளியாக ஹிஜ்ரி 80ஆம் ஆண்டளவில் மறைந்தார்.

அப்போது தாய் வந்து பிள்ளைகளின் அநாதை நிலையை எடுத்துக் கூறினார். இவர்களுக்கு வறுமை வருமென்று அஞ்சுகிறாயா, இவ்வுலகிலும் மறுமையிலும் நானே இவர்களுக்குப் பொறுப்பாளன் அல்லவா என்று கேட்கப்பட்டது. இது முஸ்னத் அஹ்மதில் உள்ள செய்தி. அது வெறும் வாய்ச்சொல் அன்று என்பதற்கு ஸஹீஹ் முஸ்லிமில் சான்றுண்டு. மற்றொரு சமயம் அப்பிள்ளைகள் மெலிந்திருப்பதைக் கண்ட நாயகம் அவர்கள், என் சகோதரரின் மக்கள் ஏன் இப்படி இளைத்திருக்கிறார்கள், உணவில் குறைவுண்டா என்று அஸ்மாவிடம் வினவினார்கள். கண்ணேறுதான் காரணம் என்று அவர் கூற, ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். பொறுப்பேற்றவரின் கண் அப்பிள்ளைகளின் உடலை அளந்துகொண்டே இருந்தது.

இரவும் சொத்தும்

பிற வீடுகளிலும் இதே அக்கறையைக் காண்கிறோம். உஹதில் கணவரை இழந்த பெண்கள் சிலர் அண்டை வீடுகளில் வாழ்ந்தனர். இரவில் தனிமை அச்சுறுத்துவதாகவும், எல்லோரும் ஒருத்தியின் வீட்டில் உறங்கலாமா என்றும் கேட்டனர். விரும்பும் வரை ஒருத்தியின் வீட்டில் கூடிப் பேசுங்கள், உறங்கும் நேரம் வந்ததும் அவரவர் வீடு திரும்புங்கள் என்று விடை கிடைத்ததாக, தாபிஈன்களில் ஒருவரான முஜாஹித் அறிவிக்கிறார். இத்தா வீட்டில் தங்குவது சட்டம். சேர்ந்து பேசுவது தேவை. சட்டத்தைத் தளர்த்தாமலே தேவையும் நிறைவேறியது. துணையை இழந்தவளுக்கு மிக நெருங்கிய ஆறுதல், அதே இழப்பை அறிந்த தோழியே என்னும் உண்மையும் இங்கே ஏற்கப்பட்டது.

இன்னொரு கைம்பெண்ணின் தேவை வேறு. ஸஅத் பின் ரபீஉ (ரலி) மதீனாவின் செல்வந்தர். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபுக்குத் தம் செல்வத்தில் சரிபாதி தர முன்வந்தவர். அவர் உஹதில் வீழ்ந்ததும் அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அந்நியனுக்குப் பாதியைத் தர முன்வந்தவரின் பெண்மக்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. மனைவி இரு பெண்மக்களோடு நாயகத்திடம் வந்து, பொருளில்லாமல் இவர்களுக்கு மணம் நடக்குமா என்று முறையிட்டார். வாரிசுரிமை வசனம் அருளப்பட்டபின் சகோதரர் அழைக்கப்பட்டார். பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியது அவருக்கு என்று தீர்ப்பளிக்கப்பட்டது. சொத்தை 24 பாகமாக்கினால் மக்களுக்கு 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு 5. அப்பெண்மணிக்கு அன்று கண்ணீரில் பங்குபெறுவோர் தேவைப்படவில்லை. கணக்கைச் சரிசெய்வோர் தேவைப்பட்டனர்.

மீண்டும் ஒரு வாழ்வு

ஹிஜ்ரி 4இல் அபூஸலமா (ரலி) உஹதில் பெற்ற காயத்தின் விளைவாக இறந்தபோது, உம்மு ஸலமாவுக்கு மதீனாவில் சொந்தபந்தம் இல்லை. அந்நிய ஊரில் இறந்த அந்நியருக்காக ஊரே பேசும்படி அழப்போவதாக அவர் உறுதிகொண்டார். உடன் அழ ஒரு பெண்ணும் வந்தாள். நாயகம் அவர்கள் அந்த ஒப்பாரியைத் தடுத்தார்கள். இழந்ததைவிடச் சிறந்ததை வேண்டும் பிரார்த்தனையைச் சொல்லும்போது, அபூஸலமாவைவிடச் சிறந்தவர் யார் என்று தமக்குள் எண்ணியதை அவர் மறைக்கவில்லை. இத்தா முடிந்தபின் நாயகம் அவர்களே மணம் பேசியபோது, தாம் ரோஷம் மிக்கவர் என்றும் குழந்தைகள் உள்ளவர் என்றும் தயங்கினார். அக்குழந்தைகளின் பாரமும் ஏற்கப்பட்டது. அவருடைய மகன் உமரின் கை உணவுத் தட்டில் இங்குமங்கும் அலைந்தபோது, இறைபெயர் கூறு, வலக்கையால் உண், உனக்கு அருகிலிருப்பதை உண் என்று கற்பிக்கப்பட்டது புகழ்பெற்ற செய்தி. அந்தத் தட்டு, ஒரு கைம்பெண்ணின் பிள்ளைக்காக விரிந்த தட்டு என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

மறுமணத்தைச் சமூகம் எப்போதும் எளிதாக ஏற்றது என்றும் சொல்வதற்கில்லை. கணவர் இறந்து சில நாட்களில் மகப்பேறு அடைந்து, இத்தா முடிந்து, மணம் பேசுவோருக்காகத் தம்மை ஒப்பனை செய்துகொண்ட ஸுபைஆ (ரலி) என்பவரை ஒருவர் கண்டித்தார். நாயகம் அவர்களோ அப்பெண்ணின் உரிமையையே உறுதிப்படுத்தினார்கள்.

அஸ்மாவுக்கும் வாழ்வு தொடர்ந்தது. அவர் அபூபக்ர் (ரலி) அவர்களை மணந்தார். ஹிஜ்ரி 10இல் இறுதி ஹஜ் பயணத்தின்போது துல்ஹுலைஃபாவில் மகனைப் பெற்றார். ஹிஜ்ரி 13இல் அபூபக்ர் மறைந்தபோது அவர் உடலைக் குளிப்பாட்டியவர் அஸ்மாவே. பின்னர் அலீ (ரலி) அவரை மணந்தார். இப்னு ஸஅது தரும் ஒரு குறிப்பு இனிமையானது. ஜஅஃபரின் மகனும் அபூபக்ரின் மகனும் தத்தம் தந்தையே சிறந்தவர் என்று வாதிட்டனர். தீர்ப்புச் சொல்லும்படி அலீ கேட்க, இளைஞரில் ஜஅஃபரையும் முதியவரில் அபூபக்ரையும் விஞ்சியவரைத் தாம் கண்டதில்லை என்றார் அஸ்மா. எமக்கென்று எதையும் நீ மிச்சம் வைக்கவில்லையே என்றார் அலீ. முதல் கணவரின் நினைவை மூன்றாம் கணவரின் வீட்டில் உரக்கச் சொல்ல ஒரு பெண்ணால் இயன்றது. மறப்பது ஆறுதலின் நிபந்தனையாக அங்கே விதிக்கப்படவில்லை.

நம் கரையில்

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வாழும் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அந்த இமாம் அஞ்சிய இரண்டு தீங்குகளையும் நாம் நம் மவுத்து வீடுகளில் காண்கிறோம். வருவோர் அனைவரும் முழுக் கதையையும் கேட்க, கணவனை இழந்தவள் அவனது இறுதி மூச்சைப் பத்துமுறை விவரிக்கிறாள். கூடியவர்களுக்குச் சமைக்கக் கடன் வாங்கப்படுகிறது. நாற்பது நாட்கள் கழிந்தால் கூட்டம் இல்லை, கடன் இருக்கிறது. எட்டில் ஒரு பங்கைப் பற்றிப் பேச அப்போது எவரும் வருவதில்லை.

ஜஅஃபரின் வீட்டுக்கு முதல் நாளில் உணவு வந்தது. மூன்றாம் நாளுக்குப் பின் நாவிதர் வந்தார். அதற்கும் பின்னர், பிள்ளைகள் ஏன் மெலிந்திருக்கிறார்கள் என்ற கேள்வி வந்தது. முதலாவதை நம்மில் பலர் இன்றும் செய்கிறோம். கடைசிக் கேள்வியைக் கேட்பவர் வருமளவும் அவ்வீட்டில் தஃஸியத் நிறைவுறவில்லை.